இரண்டு வாசல், ஒரே கோயில்

கேள்வி: எழுத்து தனியாகச் செய்கிற வேலை. எழுத்தாளர்கள் கூட்டமாக முகாம் போவானேன்? (வாசகர், திருவிடைமருதூர்)

பதில்: விடை உங்கள் ஊர்க் கோயில் வாசலிலேயே இருக்கிறது. மகாலிங்கசுவாமி கோயிலில் துறவிப் புலவர்கள் இருவரில் பட்டினத்தார் கிழக்குக் கோபுர வாசலிலும், பத்திரகிரியார் மேற்குக் கோபுர வாசலிலும் தங்கியிருந்தார்கள் என்பது மரபு. ஒரே கோயில், வேறு வேறு வாசல். நல்ல முகாமுக்கு இலக்கணம் அதுதான். எழுதத் தனிமை வேண்டும், மறுக்கவில்லை. எழுதியதை வாய்விட்டுப் படிக்கும்போதோ இன்னொரு காது வேண்டும். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும் இடத்தில்தான் வாக்கியம் நொண்டுகிறது என்று தெரியும். அந்த உதவி தனியறையில் கிடைக்காது. கூடினால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்களே என்பீர்கள். பக்கத்துக் கும்பகோணத்தைப் பாருங்கள். 1944-இல் மறையும்வரை எழுத்தாளர் கு.ப.ரா.வைச் சுற்றி தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் எல்லோரும் கூடிப் பேசினார்கள். ஜானகிராமன் 'மோகமுள்' நாவலில் சங்கீதத்தைத் தொட்டார். வெங்கட்ராம் 'வேள்வித் தீ' நாவலில் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை எழுதினார். ஒருவர் நடை இன்னொருவருக்கு ஒட்டவே இல்லை. அரட்டையில் பொழுது போகுமே என்றால், போகட்டும். குற்றாலத்தில் கவிஞர் கலாப்ரியா முகாமுக்குக் கூட்டிய கவிஞர்களும் அருவியில் குளித்தவர்கள்தான். அறுவடை முடிந்ததும் நாலு பேர், ஆளுக்கொரு முடியாத கதையோடு காவிரிப் படித்துறைக்கு வாருங்கள்.