கட்டுச்சோற்றில் போன நாடு

ஷிகோகு தீவின் தென்பக்கத்தைப் பிறை மாதிரி வளைத்துக்கொண்டு, பசிபிக் பெருங்கடலைப் பார்த்துக் கால் நீட்டியிருக்கிறது கோச்சி மாகாணம். பழைய பெயர் தோசா. நிலத்தில் நூற்றுக்கு 84 பங்கு காடு. ஜப்பானிலேயே இதுதான் அதிகம். ஊர், வயல், கோட்டை, குடுமிப்பிடிச் சண்டை எல்லாம் மிச்சமுள்ள இடத்தில்தான். முதுகில் மலை, மூஞ்சியில் கடல். கிழக்கே முரோத்தோ முனை, மேற்கே அஷிசூரி முனை. நடுவே புயல் வந்துபோகத் திறந்த வாசல்.

இப்படி ஓர் இடம் கிடைத்தால் தலைநகரத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வேண்டாதவர்களைக் கொண்டுவந்து தள்ளினார்கள். ஒருவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். 1221-இல் ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சியை எதிர்த்துத் தோற்ற முன்னாள் பேரரசர் கோதோபாவை நாடு கடத்தினார்கள். மகன் சுச்சிமிகாதோவுக்கு அந்தக் கலகத்தில் பங்கே கிடையாது. 'அப்பா போனபின் எனக்கு மட்டும் என்ன தலைநகர வாசம்' என்று தோசாவுக்குக் கிளம்பிவிட்டார். தண்ணியில்லாக் காட்டுக்குத் தானே மாற்றல் கேட்ட மனிதர். (இங்கே மழை கொட்டித் தீர்க்கும் என்பது வேறு விஷயம்.) இரண்டே வருஷத்தில் பக்கத்து அவாவுக்கு ஜாகை மாறினார்.

அப்புறம் உள்ளூர்ப் பிரபுக் குடும்பத்துச் சோசொகாபே மொத்தொச்சிகா. சின்ன வயதில் வெளுத்து, ஒடுங்கி, பேசாமல் இருந்ததால் ஊரார் வைத்த பட்டப்பெயர் 'இளவரசிக் குட்டி'. 1560-இல் முதல் போர்க்களத்தில் நின்றுகொண்டு, ஈட்டியால் எப்படிக் குத்துவது என்று கேட்டாராம். பதில் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். 1575-இல் தோசா முழுவதும் அவர் கையில், பத்து வருஷத்தில் ஏறக்குறைய தீவு முழுவதும். பறவையில்லாத தீவில் வௌவால் என்று அன்றைய பெரும் படைத்தலைவர் நொபுநாகா கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். ஆலையில்லா ஊரின் இலுப்பைப்பூ ஜப்பானில் வௌவாலாகப் பறந்திருக்கிறது. 1585-இல், நொபுநாகாவுக்குப் பின் தலையெடுத்த ஹிதெயோஷி படையனுப்பி, தோசாவை மட்டும் விட்டுவைத்து மீதியைப் பிடுங்கிக்கொண்டார்.

மொத்தொச்சிகாவின் சேனை வயலில் இருக்கும். ஈட்டியையும் ஒரே ஒரு செட் கவசத்தையும் வரப்பில் வைத்துவிட்டு உழுவார்கள். அழைப்பு வந்தால் சேற்றுக் காலோடு ஓடுவார்கள்.

1600. செக்கிகஹாரா. ஜப்பானின் தலையெழுத்தை ஒரே நாளில் எழுதிய போர். மகன் மொரிச்சிகா மேற்கு அணியில். ஆனால் அதே அணியில் முன்னால் நின்ற கிக்காவா ஹிரோஈயே எதிரி இயெயாசுவோடு இரகசியமாகப் பேசி முடித்திருந்தார், அசையவில்லை. அவருக்குப் பின்னால் மோரி படை. ஏன் கிளம்பவில்லை என்று மொரிச்சிகா ஆள் அனுப்பினால், மோரி தரப்பிலிருந்து வந்த பதில்: வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கட்டுச்சோறு முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. மொரிச்சிகா ஓர் அம்புகூட விடாமல் தோற்று, நாட்டையும் பறிகொடுத்தார்.

தோசா யாருக்குப் போனது? அவரும் பெரிதாகச் சண்டை போட்டவரில்லை. யமாவுச்சி கசுதோயோ போருக்கு முன் நடந்த ஆலோசனையில் எழுந்து, 'என் கோட்டையையே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இயெயாசுவிடம் சொன்னார். அந்த யோசனை ஹோரியோ தாதாஉஜி என்ற இளைஞருடையது, வழியில் பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டு இவர் முந்திவிட்டார் என்றொரு கதை உண்டு. பரிசு, 2 லட்சம் கொக்கு வருமானமுள்ள தோசா. பறவை அல்ல, ஒரு கொக்கு என்பது ஓர் ஆளின் ஒரு வருஷ அரிசி.

வரப்பு வீரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் பழைய பிரபுவின் உராதோ கோட்டையைத் தர மறுத்தார்கள். 273 தலைகள் உருண்டன. அதற்குப் பின் யமாவுச்சியோடு வந்தவர்கள் மேல் சாமுராய், உள்ளூர்க்காரர்கள் கீழ் சாமுராய்.

அந்தக் கீழ்த் தட்டு வீட்டுப் பையன்தான் சகாமோத்தோ ரியோமா. 1862-இல் உத்தரவில்லாமல் ஊரைவிட்டு ஓடினார். ஷோகுன் தானாகவே ஆட்சியைத் திருப்பித் தந்துவிடட்டும் என்ற யோசனை அவர் வழியாக வந்தது என்பார்கள். 1867-இல் அதை மனுவாகக் கொடுத்தது யார்? தன்னைத் 'திமிங்கிலக் கடலின் குடிகாரப் பிரபு' என்று அழைத்துக்கொண்ட யமாவுச்சி யோதோ. அடுத்தவர் யோசனையை முந்திக்கொண்டு சொல்வது குடும்பத் தொழில் போலும். இந்த முறை கொடுப்பது இயெயாசுவின் வழிவந்த ஷோகுனின் முறை, அவ்வளவுதான். ரியோமாவை அதே வருஷம் கியோட்டோவில் வெட்டிக் கொன்றார்கள்.

தோற்றவர்களின் இந்த ஊர் பிற்பாடு கொண்டாடிய ஒருத்தி, கோச்சி பந்தயத் திடலில் ஓடிய ஹாரு உராரா என்ற குதிரை. 113 பந்தயம், ஒரு வெற்றி கிடையாது. 2004-இல் நாட்டின் நட்சத்திர ஜாக்கி தாகே யுதாகாவே ஏறிப் பார்த்தார். 11 குதிரைகளில் பத்தாவது. ஆனாலும் அவள் பேரில் சீட்டு வாங்க வரிசை நின்றது. வாங்கியவர்கள் அதைக் காரில் தாயத்தாக வைத்துக்கொண்டார்கள். பரிசு விழுவதற்கும் வண்டி மோதுவதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே வினைச்சொல். நம் ஊரில் லாட்டரியும் அடிக்கும், லாரியும் அடிக்கும் என்பதுபோல. அவள் சீட்டு எதற்கும் அடிக்காது.