ஆவிவிரட்டியம்: மூலமும் உரையும்

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது மரபு. வாசகரின் கண்ணாடி இந்நேரம் மங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால் எட்டையும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன்: குல்மார்க்கில் வாடகைக் காகிள்ஸோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய அடியேன். வழி: விழுந்தெழுந்த வழி. எல்லை: மேலே அபர்வத் சரிவு, கீழே கேபிள் கார் டிக்கெட் வரிசை. நூற்பெயர் தலைப்பில் உள்ளது. யாப்பு: ஆசிரியப்பா என்று சொல்லிக்கொள்கிறேன், யாரும் தளை பார்க்க வேண்டாம். நுதலிய பொருள்: பனிச்சறுக்குக் கண்ணாடியில் ஆவி படிவதும் அதை விரட்டுவதும். கேட்போர்: இமயமலை வரை போய்ப் பால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் காணாது திரும்பியோர். பயன்: தேவதாரு மரத்தில் மோதாமை.

நூலில் உள்ளது ஒரே நூற்பா:

மூச்சும் வியர்வும் முகத்தொடு பொருந்திய
ஆடி குளிர ஆவியாய்ப் படியும்.

இதன் உரை வருமாறு. 'ஆடி' என்றது ஈண்டுக் கண்ணாடியை. மாதத்தை அன்று, அம்மாதத்துத் தள்ளுபடியையும் அன்று. 'ஆவி' என்பதற்கு உயிர், பேய், நீராவி எனப் பல பொருள் உண்டு. மூன்றும் இங்கே பொருந்தும் என்பது என் துணிபு: நமக்குள்ளிருந்து வருவதால் உயிர், கண்ணை மறைப்பதால் பேய், தொட்டால் நனைவதால் நீராவி. ஜலதோஷம் வந்தால் போர்வைக்குள் குனிந்து ஆவி பிடிப்பவர்கள் நாம். இங்கே நம்மைப் பிடித்த ஆவியை விட வழி தேடுகிறோம்.

வெளியே உள்ள பனிமூட்டம்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பாரும் உளர். அற்றன்று. அஃது எங்ஙனமெனின், நாம் விடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரிச் சூடு. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 37 கிராம் நீரை ஆவியாகச் சுமக்கும். மைனஸ் 10 டிகிரியில் அதே காற்றால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் சுமக்க முடியும். இறக்கி வைத்த சுமை குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் துளித்துளியாக உட்காருகிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸாகி, ஒளியை ஆளுக்கொரு திசையில் சிதறடிக்கிறது. அதே நீர் துளியாகாமல் மெல்லிய படலமாகப் பரவினால் பார்வை மறையாது. இதை வாசகர் முடிந்து வைத்துக்கொள்க. எச்சிலைப் பற்றிப் பேசும்போது அவிழ்ப்போம்.

இனிப் பரபக்கம், அதாவது பிறர் மதம் மறுத்தல்.

முதலாவது துடைப்பியர் மதம். மங்கினால் துடை என்பது இவர் கொள்கை. உலகிலேயே அதிகம் பின்பற்றப்படுவதும், அதிகம் கெடுதல் செய்வதும் இதுவே. கண்ணாடியின் உட்புறத்தில் நீரைப் படலமாகப் பரப்பும் பூச்சு ஒன்று உண்டு. ஈரத்தில் அது இளகி நிற்கும்; கையுறையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பூச்சு போயிற்று. அடுத்த முறை அதே இடத்தில் இரட்டிப்பாய் ஆவி படியும், மறுபடி துடைப்போம். என் பயிற்சியாளர் பேசிய இந்தியில் எனக்கு முழுதாய் விளங்கிய வாக்கியம் ஒன்றே ஒன்று: கை வைக்காதீங்க சார்.

கையே எட்டாத இடத்திலும் மனிதன் துடைக்கத்தான் செய்வான். 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ கலத்திலிருந்து வெளியேறிய யூஜின் செர்னன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விண்வெளியில் திண்டாடினார். உழைப்பில் எழுந்த வெப்பத்தையும் வியர்வையையும் உடுப்பால் சமாளிக்க முடியாமல் முகக்கவசம் உட்புறம் மங்கியது. அவர் மூக்கால் தேய்த்து ஓட்டை போட்டுப் பார்த்தார். துடைப்பியர் மதத்தின் குருபீடத்துக்கு இவரைவிடத் தகுதியானவர் இல்லை.

இரண்டாவது பூச்சியர் மதம். ஆவிதடுப்புத் திரவத்தைத் தாராளமாகப் பூசு என்பர். 2001இல் விண்வெளியில் நடந்த கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்ணில் அந்தத் திரவமே புகுந்து எரித்தது. எடையற்ற இடத்தில் கண்ணீர் கீழே வழியாது. அது கண்ணிலேயே திரண்டு, அடுத்த கண்ணுக்கும் தாவியது. பேய் ஓட்ட வந்தவரே பிடித்துக்கொண்ட கதை.

மூன்றாவது எச்சிலியர் மதம். கேட்டால் குமட்டும், ஆனால் முற்றும் மறுக்க முடியாது. முடிச்சை இப்போது அவிழ்க்கலாம்: எச்சிலும் நீரைப் படலமாக்கும், முக்குளிப்போர் தம் கண்ணாடியில் காலங்காலமாகத் துப்பித் தேய்ப்பது இதனால்தான். பல் மருத்துவர்கள்கூட வாய்க்குள் விடும் சிறு கண்ணாடி மங்காதிருக்க, அதைக் கன்னத்தின் உட்புறத்தில் ஒருமுறை தடவிக்கொள்வதுண்டு. இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1960களில் இரட்டைக் கண்ணாடியும் நுரைப்பஞ்சுக் காற்றுவழியும் வைத்துக் காகிள்ஸ் செய்தவர் பாப் ஸ்மித் என்னும் அமெரிக்கர். தொழிலால் அவர் பல் சீரமைப்பு மருத்துவர். அன்றாடம் பிறர் வாயாவியில் கண்ணாடியைப் பிடித்து நின்றவருக்குத்தான் இது தோன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். மறுப்போர் வாயைத் திறந்து காட்டுக.

சுபக்கம் சுருக்கமானது. ஸ்மித் வழிதான் நம் வழி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்ட காற்று, உட்கண்ணாடியைக் குளிரவிடாது. மேலும் கீழும் உள்ள துளைகள் ஈரக்காற்றை வெளியேற்றும். அவற்றை அடைக்காதிருப்பதே நம் கடமை, நாமோ விதவிதமாக அடைக்கிறோம். குளிருக்குப் பயந்து மூக்கு வரை இழுத்த கழுத்துத் துணியைக் காகிள்ஸுக்கு அடியில் செருகுகிறோம், மூச்சு முழுதும் புகைபோக்கி போல மேலே ஏறுகிறது. குல்லாயை இறக்கி மேல்துளையை மூடுகிறோம். எல்லாவற்றிலும் பெரிய பிழை, ஓய்வெடுக்கும்போது காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றுவது. வியர்த்த நெற்றி ஓர் இட்லிக் கொப்பரை. பார்க்க வீரர் போலத் தெரியும் என்பது உண்மைதான். அந்தப் புகைப்படம் என்னிடமும் இருக்கிறது.

மங்கிய பின் செய்யத்தக்கது: வழுக்கிக்கொண்டே இருங்கள், காற்று உலர்த்தும். நின்றால் முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னே இழுத்துப் பிடியுங்கள். துளைகளில் அப்பிய பனியை உதறுங்கள். உள்ளே நீர் நின்றால் அதற்குரிய மென்துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். இரவில் ஹீட்டர் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள்.

இத்தனையும் கடைப்பிடித்து நான்காம் நாள் கேபிள் காரில் ஏறினேன். அறுவர் அமரும் கூண்டு, அறுவரும் மூச்சு விட்டார்கள், அதில் ஒருவர் பாடவும் செய்தார். கூண்டின் கண்ணாடியே மங்கிவிட்டது, அதற்கு ஸ்மித் என்ன செய்வார்?

உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் ஆவி படியாது என்னும் நான்காம் மதத்தையும் இடைநிலையத்தில் சோதித்துவிட முனைந்தேன். கிடைத்த ஒரே உருளைக்கிழங்கு சமோசாவுக்குள் இருந்தது, மஞ்சளும் மிளகாயும் ஏற்கனவே சேர்ந்திருந்தன. தின்றுவிட்டேன்.