காசில்லாத சாணை

கோவளத்தில் மீன் வெட்டித் தருபவர் வஞ்சிரத்தை முள்ளோடு துண்டு போடுகிறார். என் வீட்டுக் கத்தியோ தக்காளித் தோலிடமே தோற்றுப்போகிறது. சாணைக்கல் வாங்கவும் காசில்லை. வழி உண்டா?
– வாசகி, கோவளம்

காபி குடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்ததுண்டா? அடியில் மெருகு பூசாத, சொரசொரப்பான வளையம் இருக்கும். சுட்ட பீங்கான் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. சாணைக்கல் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது! ஈரத்துணி மேல் கோப்பையைக் கவிழ்த்து, கத்தியை ஏறத்தாழ 20 டிகிரி சாய்த்து, பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை, பக்கத்துக்குப் பத்து முறை மெதுவாக இழுங்கள். பிறகு கழுவித் துடைத்துவிடுங்கள்.

மழுங்கிய கத்தி என்றால் விரலுக்காவது பாதுகாப்புதானே?
– வாசகர், கேளம்பாக்கம்

மழுங்கினால் அழுத்துவீர்கள், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் அடுத்து இருப்பது எது? விரல்தான். கூரான கத்தியே சொன்ன இடத்தில் நிற்கும்.

அப்படியானால் தெருவில் வரும் சாணைக்காரர் எதற்கு?
– வாசகர், தாம்பரம்

கோப்பை தீட்டும், பல் உடைந்த கத்தியைச் சரிசெய்யாது. அதையும் அரிவாள்மணையையும் அவரிடமே கொடுங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். அவர் கால் மிதித்தால்தான் அந்தக் கல் சுற்றும், அவர் வீட்டில் அடுப்பும் எரியும்.