கடல் பார்க்கத் தகுந்த காரணம்

2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கு. மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு என் எட்டு வயது மகள் கேட்டாள்: "அப்பா, கடல் இன்னும் இருக்கா?"

நங்கநல்லூரிலிருந்து கடல் ஒன்றும் காசி தூரத்தில் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது. குடும்பத்தைப் பத்திரமாக ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுவது என்று அங்கேயே சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த கையோடு எக்செல்லைத் திறந்தேன். அங்கேதான் காரியம் கெட்டது.

மெரினா வேண்டாம், கூட்டம். கோவளம் என்று முடிவானது. கோவளம் செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து வந்தது. இன்னும் முதல் பிறந்தநாள்கூடக் கொண்டாடாத மாவட்டம், உள்ளே வர என்னிடம் இ-பாஸ் கேட்டது.

விண்ணப்பத்தில் காரணம் சொல்ல வேண்டும். திருமணம், மரணம், மருத்துவ அவசரம் என்று இருந்தது. கடல் பார்க்க வேண்டும் என்ற காரணம் எந்த வரிசையிலும் இல்லை.

"கல்யாணம்னு போடுங்க" என்றாள் மனைவி.

"பத்திரிகை கேப்பாங்க."

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள்: "அஸ்தி கரைக்கப் போறோம்னு போடேன்டா. கடலுக்கு அதைவிடப் பொருத்தமான காரணம் என்ன இருக்கு?"

"யாரோட அஸ்தி?" என்றேன்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 17 முதல், ஆதாரோ குடும்ப அட்டையோ கொடுத்து விண்ணப்பித்தால் உடனே இ-பாஸ் என்றார்கள். செப்டம்பரில் கோவளம் போக அதுவும் வேண்டாம் என்றாயிற்று. சாலை திறந்துவிட்டது, கடற்கரை திறக்கவில்லை. பந்தியில் உட்காரலாம், இலை மட்டும் போட மாட்டோம் என்கிற மாதிரி.

சரி, கடலைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஓர் அறையாவது எடுக்கலாம் என்று ஒரு விடுதிக்குப் போன் செய்தேன்.

"ரூம் காலியா இருக்கா?"

"எல்லாமே காலிதான் சார்."

"கடைசியா யார் தங்கினாங்க? அவங்களுக்கு இருமல் ஏதாவது..."

லைன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் கோளாறு என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களும் அவசியமின்றி வெளியே போக வேண்டாம் என்று அரசு அறிவுரை. அம்மாவுக்கு எழுபத்தொன்று. மகளுக்கு எட்டு. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது நானும் மனைவியும். "நாம ரெண்டு பேரும் மட்டும் போகலாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அதுக்கு வீட்லயே இருக்கலாம்" என்றாள். பன்னிரண்டு வருட இல்லறம்.

டிசம்பர் 14ஆம் தேதி கடற்கரைகளைத் திறந்தார்கள். அன்று மாலை தொலைக்காட்சியில் மெரினாவைப் பார்த்ததும் எனக்கு லேசாகத் தொண்டை கரகரத்தது. கூட்டம் வடியட்டும் என்று புத்தாண்டுக்குத் தள்ளிப் போட்டேன். புத்தாண்டுக்குக் கடற்கரையை மூடினார்கள். காணும் பொங்கலுக்கு மாற்றினேன். அதற்கும் மூடினார்கள். என் எக்செல் கோப்பு கோட்டை வரைக்கும் போய்விட்டதோ என்று பாஸ்வேர்டை மாற்றினேன்.

கடைசியில், ஜனவரி முடிகிற சமயம், ஒரு புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். காரில் இருந்தவை: சானிடைசர் ஐந்து லிட்டர் கேன், நெற்றியில் வைக்கும் வெப்பமானி, ஆவி பிடிக்கும் சாதனம் (கடற்கரையில் அதை எங்கே செருகுவது என்று யோசிக்கவில்லை), பிளாஸ்க் நிறையக் கபசுரக் குடிநீர், வீட்டுத் தண்ணீர், வீட்டு நாற்காலி, ஆறடி இடைவெளி அளக்க டேப், புளியோதரை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தது போதும் என்று வீட்டையே தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தோம்.

உத்தண்டி சுங்கச்சாவடியில் போக வரச் சேர்த்துப் பணம் கட்டி வாங்கிய ரசீதின் மேல் தாராளமாகச் சானிடைசர் தெளித்தேன். அந்தத் தாளுக்கு ஸ்பிரிட் ஆகாது போலிருக்கிறது. கண் முன்னே கறுத்து, திதிக்குப் பார்க்கும் அமாவாசை மாதிரி ஆகிவிட்டது. திரும்பும்போது மறுபடி கட்டினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

கோவளத்தில் கடல் இருந்தது. மகள் மாஸ்க்கோடு ஓடினாள். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், நான் டேப் பிடித்து மணலில் கோடு கிழிப்பதைப் பார்த்து, "மனை வாங்கியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

கணுக்கால் நனைய நின்றேன். ஓர் அலை இடுப்பு வரை வந்து போனது. மார்கழி போயும் குளிர் போகாத காற்று. கரையேறியதும், அட்டவணைப்படி ஏழு மணிக்கு ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 86.

கழற்றி மாட்டினேன். 84.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வாங்கியது. மணலில் மல்லாந்து படுத்தேன். முதல்நாள் மருத்துவக் காப்பீட்டுக்குத் தவணை கட்டினேனா என்று நினைவுக்கு வரவில்லை. மனைவி கருவியை வாங்கித் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். 98. "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது ஆறுதலா, தீர்ப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு. ஈரக் கையில மாட்டினா அது என்னத்தைக் காட்டும்?" என்று முந்தானையால் துடைத்து, பரபரவென்று தேய்த்துவிட்டாள். மாட்டினேன். 97. பிறகு 98.

"அப்பவே சொன்னேன். அஸ்தின்னு போட்டிருந்தா ஜூன்லயே வந்திருக்கலாம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு அம்மா தன் பாட்டுக்குக் கடலை நோக்கி நடந்தாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றாள்.

மகள் ஒரு பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கியிருந்தாள். வெளியிலிருந்து வந்த பொருள் எதுவானாலும் பதினான்கு நாள் தனிமை என்பது வீட்டுச் சட்டம். பையைக் கட்டிப் பால்கனியில் வைத்தேன். மூன்றாம் நாள் நாற்றம் கிளம்பியது. சில கிளிஞ்சல்கள் குடியிருப்பவர்களோடு வந்திருக்கின்றன. அம்மா மூக்கைப் பொத்தினாள். மனைவி ஊதுவத்தி ஏற்றினாள். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன சார் செத்துப் போச்சு?" என்றார்.

நான் மட்டும் தினமும் காலையில் பால்கனிக்குப் போய் இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாக வந்தேன். வீட்டில் நான்கு பேருக்கும் வாசனை தெரிகிறது. மாடி வீட்டுக்கும் தெரிகிறது. செலவில்லாத பரிசோதனை.

ஐந்தாம் நாள் மனைவி பையைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.