எக்ஸெல் சித்தப்பா

கூட்டமான எந்தக் குடும்பத்திலும் ஓர் எக்ஸெல் சித்தப்பா இருப்பார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்கலாம். "அந்த மனை ஒண்ணுக்கு இருபதாயிடுச்சு" என்று யாராவது வாய்விட்டால் தீர்ந்தது.

"எப்ப வாங்கினீங்க மச்சான்?"

"தொண்ணூத்தஞ்சுல ஒரு லட்சம் மாப்ளே. போன வருஷம் இருபதுக்குக் கொடுத்தேன்!"

"முப்பது வருஷம். கூட்டு வட்டிக்கு வருஷம் பத்தரை சதவீதம்தான் வருது. பத்திரச் செலவு, வேலி போட்டது, முள் வெட்டினது எல்லாம் போனா இன்னும் குறையும்."

மச்சான் அதன்பிறகு அந்த மனையைப் பற்றிப் பேசுவதில்லை.

சித்தப்பாவின் இஷ்ட தெய்வம் 'எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.' என்ற சூத்திரம். ஒரு பத்தியில் தேதி, இன்னொன்றில் தொகை. கையைவிட்டுப் போனது மைனஸ், கைக்கு வந்தது ப்ளஸ். சூத்திரம் ஆண்டு வருமானம் 10 சதவீதம் என்று ஊகித்துக்கொண்டு தொடங்கி, கணக்கு நேராகும்வரை தன்னைத் திருத்திக்கொண்டே போகும். சித்தப்பாவிடம் அந்தக் குணம் கிடையாது.

காப்பீட்டு முகவர்களுக்கு அவர் வீட்டு வாசல் ஆகாது. "வருஷம் ஐம்பதாயிரம், இருபது வருஷம் கட்டுங்க. பத்து லட்சம் கட்டி பதினெட்டு லட்சம் வாங்கலாம் சார்" என்பார் முகவர். மடிக்கணினி திறக்கும். விடை: 5.3 சதவீதம். "காப்பீடும் இருக்கே சார்" என்றால், "அதுக்கு டேர்ம் பாலிசி தனியா எடுத்துக்கறேன்" என்று பதில் வரும். காபி வராது.

மாதம் 5,000 வீதம் பத்து ஆண்டு எஸ்.ஐ.பி. கட்டிய அண்ணன் மகளுக்கு மட்டும் அவரால் நல்லது நடந்தது. கட்டியது 6 லட்சம், கையில் இருப்பது 11.6 லட்சம். மொத்தத்தையும் முதல் நாளே போட்டதுபோல் கணக்கிட்டு, 6.8 சதவீதம்தான் என்று அவள் வாடிப்போயிருந்தாள். கடைசித் தவணை ஒரு மாதம்தான் உழைத்தது என்பதை தேதிவாரியாகப் போட்டுக் காட்டினார். 12.7 வந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். மொய் நோட்டையும் ஏற்றிவிட்டார். 2009-இல் எழுதிய 501, 2024-இல் 1,001 ஆகத் திரும்பியிருக்கிறது. 4.7 சதவீதம், சேமிப்புக் கணக்குக்குத் தேவலை. அடுத்ததாக, மகனின் பொறியியல் படிப்புச் செலவை ஏற்றியபோது சூத்திரம் பிழை காட்டியது. குறைந்தது ஒரு மைனஸும் ஒரு ப்ளஸும் இல்லாமல் அது விடை சொல்லாது. "ப்ளஸ் வரணும்னா முதல்ல அவனுக்கு வேலை கிடைக்கணுங்க" என்றார் சித்தி.

அவர் சறுக்கும் இடமும் உண்டு. வாங்கிய பங்கு பத்து நாளில் 3 சதவீதம் ஏறினால், அதையே ஆண்டு முழுவதற்கும் நீட்டி, சூத்திரம் 194 சதவீதம் என்று காட்டும். அன்றைக்கு வீட்டில் அல்வா. பதினைந்தாம் நாள் பங்கு இறங்கினால், சித்தப்பா கோப்பைத் திறக்கவே மாட்டார். ஓராண்டுக்குக் குறைந்த முதலீட்டுக்கு இந்தச் சூத்திரம் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவரும் அவரேதான்.

ஆனாலும், முகவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கட்டணம் ஒரு காபி. அதையும் உங்கள் கணக்கில் மைனஸ் போடச் சொல்வார்.