வாசனைக்கு ஓட்டு

கே: அதிக ஓட்டு வாங்கியவரே எம்.பி. என்பதை மாற்றி, ஓட்டு விகிதப்படி இடங்களைப் பிரித்தால் என்ன?
- ஒரு வாசகர், பேகம்பூர், திண்டுக்கல்

ப: உங்கள் ஊர் பிரியாணிக் கணக்கிலேயே சொல்கிறேன். 2014-இல் தமிழ்நாட்டுப் பந்தியில் 39 தட்டு பிரியாணி, தட்டுக்கு ஓர் எம்.பி. சுமார் 44 சதவீத ஓட்டு வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 37 தட்டு. கிட்டத்தட்ட 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு வாசனை மட்டும்! விகிதாசாரம் இருந்திருந்தால் ஒன்பது தட்டாவது கிடைத்திருக்கும். 2024-இல் பந்தி மாறியது: 39-உம் தி.மு.க. கூட்டணிக்கே.

இலங்கை 1978 அரசியலமைப்பிலேயே விகிதாசாரத்துக்கு மாறிவிட்டது. ஆனால் அங்கே, கட்சிப் பட்டியலில் யார் உள்ளே போவது என்பதைத் தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள்.

இங்கே மாறுமா? சட்டத்தைத் திருத்த வேண்டியவர்கள் இதே முறையில் ஜெயித்தவர்கள். பூட்டு ஊருக்குத் தெரிய வாசலில் தொங்குகிறது. சாவி அவர்கள் இடுப்பில்!