இங்கிலாந்துக்காரனைப் பாத்துப் படிலே

ஏலே பேராண்டி, தூத்துக்குடி கிளியரிங் ஆபீஸுல சேந்ததும் சேந்தே, 2025 ஜூலையில இங்கிலாந்துக்காரன்கூட யாவார ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, துறைமுகத்தை எப்படித் தயார் பண்ணணும்னு எங்கிட்ட வந்து கேக்க. எனக்கென்னலே தெரியும்? அந்த இங்கிலாந்துக்காரனே ஐரோப்பாவை விட்டுப் பிரிஞ்சப்ப எல்லாத்தையும் செஞ்சு காட்டியிருக்கான். அப்படியே காப்பி அடி, பிரமோஷன் நிச்சயம்.

முதல்ல கப்பல். டோவர் துறைமுகத்துல லாரி நெரிசல் வரும், ராம்ஸ்கேட்ல இருந்து தனியா விடுவோம்னு 2018 கடைசியில ஒரு கம்பெனிக்கு 1 கோடியே 38 லட்சம் பவுண்டுக்கு காண்ட்ராக்ட் குடுத்தான். கம்பெனிகிட்ட எல்லாம் இருந்துச்சு, கப்பல்தான் இல்ல. வெப்சைட்டுல போட்டிருந்த விதிமுறை, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு குடுக்குற கடைக்கு எழுதின மாதிரி இருந்துச்சு. ரெண்டு மாசத்துல ரத்து. எங்களை ஏன் கேக்கலைன்னு கடலடிச் சுரங்க ரயில்காரன் கேஸ் போட, அவனுக்கு 3 கோடியே 30 லட்சம் பவுண்டு அழுதான்.

அடுத்து ஒத்திகை. டோவர்ல ஒரு நாளைக்கு 10,000 லாரி வரைக்கும் போகும். நெரிசலைச் சமாளிச்சுப் பாக்கணும்னு 2019 ஜனவரியில மான்ஸ்டன் பழைய விமான நிலையத்துல லாரிகளை நிறுத்தி ஓட்டிப் பாத்தான். வந்தது 89. நீயும் மூணு ட்ரெய்லரை ஓட்டிப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிரு.

வர்ற சரக்கைப் பாக்க சோதனைக் கூடம் கட்டுனதுதாம்லே அழகு. டோவர்ல ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளைப் பாறை, இடம் ஏது? 22 மைல் தள்ளி செவிங்டன்ல கட்டினான். பாக்க வேண்டிய கறி லாரியைக் கூப்பிட்டு, நேரா அங்கன போயிருங்கன்னு அனுப்புதான், கூட ஆளு கிடையாது. டோவர் சுகாதார அதிகாரிகளே இதென்ன கூத்துன்னு கத்துனாங்க. நம்ம ஊரு டிரைவரா இருந்தா அந்த 22 மைலுக்குள்ள நாலு ஓட்டல் வாசல்ல பிரேக் போட்டிருப்பான்.

போர்ட்ஸ்மவுத்துல ஒரு கூடம், 2.5 கோடி பவுண்டு. சோதனையை அஞ்சு தடவை தள்ளிப் போட்டு, ஒருவழியா 2024 ஏப்ரல் 30ல ஆரம்பிச்சான். மறு வருசம் மே மாசம் ஐரோப்பாக்காரன்கூட ராசியாகி, பெரும்பாலான சோதனை வேண்டாம்னு பேசிட்டான். பந்தக்கால் நட்டவன் கூலி கேட்டு நிக்க, மாப்பிள்ளையும் பொண்ணும் ரிஜிஸ்டர் ஆபீஸுல மாலை மாத்திக்கிட்ட கதை.

அந்த நெதர்லாந்துக்காரன்கிட்ட மட்டும் படிக்காத. அவன் வெளியுறவு மந்திரி, மேசை மேல நீலக் கலர்ல ஒரு முடிப் பூதத்தைப் படுக்க வச்சு படம் போட்டு, காகிதமெல்லாம் ரெடியாலேன்னு யாவாரிகளை முன்கூட்டியே விரட்டினாரு. 2021 ஜனவரியில இங்கிலாந்துல இருந்து வந்த டிரைவரோட சாண்ட்விச்சைக்கூட சுங்கக்காரன் பிடுங்கிட்டான். கறியை எடுத்துக்கோ, ரொட்டியையாவது குடுன்னு கேட்டிருக்கான் பாவி. அதுவும் கிடையாதுன்னுட்டான். அயர்லாந்துக்காரன் அதைவிட மோசம், அதே ஜனவரியில ரோஸ்லேர்ல இருந்து நேரா பிரான்ஸ்ல இருக்குற டன்கர்க்குக்குக் கப்பல் பிடிச்சு, இங்கிலாந்து மண்ணையே மிதிக்காம போயிட்டான்.

அந்த மாதிரி புத்தியெல்லாம் உனக்கு எதுக்குலே? நீ சோதனைக் கூடத்துக்குக் கூரை போட டெண்டர் விடு. பனியன் எந்த நாட்டுல ஆச்சுன்னு சான்றிதழ் யாரு குடுக்கணும், எந்தப் பாரத்துல எழுதணும்னு திருப்பூர்க்காரன் போன் பண்ணா, சாப்பிடப் போயிருக்கேன்னு சொல்லிரு.